கம்பசில் நாடகம் படிக்கலாமா? கோப்பாய்த் தங்கச்சிக்கு ஒரு பதில்

கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரத்துக்குத் தமிழ், இந்து நாகரிகம், நாடகமும் அரங்கியலும் எடுத்துச் சோதினை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறார். பாடசாலை நாடகங்களில் நடித்து மாகாண மட்டம் வரை போய்ப் பரிசும் வாங்கியவர். பல்கலைக்கழகத்தில் நாடகத்தையே பிரதான பாடமாகப் படிக்க விருப்பம். அம்மாவுக்கு அரைமனம். கனடாவிலிருக்கும் மாமா தொலைபேசியில், "கூத்தாடவோ கம்பசுக்குப் போகப் போறாய்?" என்று கேட்டுவிட்டாராம். அங்கே உண்மையில் என்ன படிப்பிப்பார்கள், நன்றாக நடிக்கத் தெரிந்தால் போதுமா, படித்து முடித்தால் வேலை இருக்கிறதா, யாழ்ப்பாணத்தில் படிப்பதா வெளியே போவதா என்பவை அவருடைய கேள்விகள். நான் அந்தப் பாடத்தை யாழ்ப்பாணத்தில் படித்து, இப்போது பாடசாலையில் அதையே படிப்பித்து, மிச்ச நேரத்தில் மற்றவர்களின் நாடகங்களுக்கு ஒளியமைத்துக் கொடுக்கிறவள். எனக்குத் தெரிந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்.

தங்கச்சி, நடிப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உம்முடைய கடிதத்தில் பாதி அதைப் பற்றியதுதான். நன்றாக நடிக்கிற பிள்ளைகள் பலர் முதலாம் வருடத்திலேயே மனம் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் போனேன். பாடசாலையில் கண்ணகியாக நின்று கைதட்டு வாங்கியவள். கம்பசில் முதல் தயாரிப்புக்குப் பொறுப்புகள் பிரித்தபோது எனக்குக் கிடைத்தது வேட உடை. பதினாறு பேருடைய உடுப்பு. எந்தக் காட்சிக்கு யாருக்கு எது என்று கொப்பியில் எழுத வேண்டும், ஒத்திகை முடிய எண்ண வேண்டும், வியர்வையில் நனைந்ததைக் கொடியில் போட வேண்டும், பிரிந்த தையலை இரவிலே தைத்து வைக்க வேண்டும். இரண்டு கிழமை எனக்கு ஒரே கோபம். "இதுக்கோ நான் சோதினை பாஸ் பண்ணி வந்தனான்?" என்று விடுதியில் அழுதும் இருக்கிறேன்.

ஆனால் அந்த நாடகத்தை நான் மேடையின் பக்கவாட்டில் நின்று, கையில் சால்வையையும் ஊசிநூலையும் வைத்துக்கொண்டு, ஒத்திகையும் ஆற்றுகையுமாக இருபது தடவைக்கு மேல் பார்த்தேன். முன்னுக்கு இருந்து பார்க்கிறவருக்கு முகம் தெரியும். பக்கத்தில் நிற்பவளுக்குத்தான் நடிகர் எந்தச் சொல்லுக்கு முன் மூச்செடுக்கிறார், எந்தக் காலில் பாரத்தை வைத்துத் திரும்புகிறார், பேசாமல் நிற்கும்போது கைவிரலை என்ன செய்கிறார் என்பதெல்லாம் தெரியும். பிறகு எனக்குப் பாத்திரம் கிடைத்தபோது நான் செய்தவற்றில் பாதி அந்த இருட்டு மூலையில் பழகியதுதான்.

ஆகவே நான் சொல்லக்கூடியது இது: பல்கலைக்கழகத்தில் நாடகம் படிப்பது என்றால், ஒரு கூட்டம் பேர் சேர்ந்து, நேற்று வரை இல்லாத ஒன்றைச் சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் பார்ப்போர் முன் நிறுத்தப் பழகுவது. நடிப்பு அதில் ஒரு பங்கு. எழுத்துரு, நெறியாள்கை, காட்சி விதானிப்பு என்கிற மேடைக் காட்சியமைப்பு, ஒளி, இசை, ஒப்பனை, வேட உடை, மேடை முகாமை, மண்டபத்துக்குக் காசு கட்டுவது, வந்தவர்களை இருத்துவது எல்லாம் மற்றப் பங்குகள். நீர் உம்மிடமே ஒரு கேள்வி கேட்டுப் பாரும். உமக்குப் பாத்திரம் கிடைக்காத நாடகத்துக்கும் ஒவ்வொரு நாளும் ஒத்திகைக்குப் போக மனம் வருமா? வரும் என்றால் போம். வராது என்றால், நடிப்பை வெளியே ஒரு குழுவோடு சேர்ந்து செய்துகொண்டு வேறு பாடம் படிக்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

இனி மாமாவின் கதைக்கு வருவோம். அவரில் கோபப்படாதேயும். கூத்தாடி என்ற சொல்லை வசைச் சொல்லாக வைத்திருந்த ஊர்தான் நம்முடையது. அந்தச் சொல்லைத் தூக்கி நிமிர்த்தியதே பல்கலைக்கழகங்கள்தான் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும்.

1956 இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்களத்தில் 'மனமே' நாடகத்தைப் போட்டார். நாடகம என்ற பழைய ஆடல்பாடல் வடிவத்தை எடுத்து நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த நாடகம வடிவத்துக்கும் எங்கள் கூத்துக்கும் உறவு உண்டு. அப்போது எங்களுடைய கூத்து படித்தவர்களின் கண்ணில் படாமல் கிராமத்தோடு கிடந்தது. பேராதனையில் தமிழ் படிப்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று அடுத்தடுத்து மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, ஆட்டத்தையும் பாட்டையும் கெடுக்காமல், மண்டபத்தில் இருந்து பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி மட்டக்களப்பில் ஒரு பரம்பரையையே பழக்கினார். வித்தியானந்தன் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவே இருந்தார். கூத்துப் போட்ட கைதான் அந்தக் கதிரையிலும் இருந்தது என்று மாமாவுக்குச் சொல்லும்.

யாழ்ப்பாணத்தில் கதை இன்னும் நெருக்கமானது. பேராசிரியர் கா. சிவத்தம்பி பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்ததே பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற பொருளைத்தான். அவர் இங்கே வந்து நுண்கலைத்துறைக்குப் பொறுப்பாக இருந்தது இந்தப் பாடத்துக்குக் கிடைத்த பெரிய பலம். இன்னொரு பக்கம், 1970களின் நடுப்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா ஒன்று நடந்தது. அதற்குப் போய்வந்தவர்களில் ஒருவர் ஆசிரியரான குழந்தை ம. சண்முகலிங்கம். அவர் திரும்பி வந்து 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். பெயர்தான் கல்லூரி, கட்டடத்தை விட அங்கே இருந்தது பயிற்சி. உடலுக்குப் பயிற்சி, குரலுக்குப் பயிற்சி, அரங்க விளையாட்டுகள், களப்பயிற்சிகள். அதுவரை "வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வா" என்று நடந்த ஒத்திகை முறை அங்கேதான் மாறியது.

1985 இல் சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களின் தயாரிப்பு. அதைப் பார்த்த தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆச்சி இருந்தார். நான் நாடகம் படிக்கிறேன் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மண் சுமந்த மேனியர் போட்டவையின்ரை படிப்போ?" என்பதுதான். ஒரு பல்கலைக்கழகப் பாடத்தை ஒழுங்கையில் இருக்கிற ஆச்சி பெயர் சொல்லி அடையாளம் காண்பது எத்தனை பாடங்களுக்கு வாய்த்திருக்கிறது?

சரி, உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். நான் மிகவும் விரும்பிய பகுதி கூத்து, ஆகவே அதிலே கொஞ்ச நேரம் நிற்பேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு, ஏனென்றால் பாடம் பஸ் எடுத்துப் போகிற தூரத்தில் உயிரோடு இருக்கிறது. வட்டுக்கோட்டையில் ஒரு கூத்து மரபு. குருநகர், பாசையூர்க் கரையோரத்தில் கத்தோலிக்கக் கூத்துகள். தென்மோடி என்பார்கள், ஆட்டம் குறைவு, பாட்டுத்தான் எல்லாம். மாரியம்மன் கோயில்களில் சிந்துநடையில் காத்தவராயன் கூத்து. இவற்றுக்குப் பக்கத்தில் ஆர்மோனியத்தோடு வளர்ந்த இசை நாடகம், நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை உம்முடைய தாத்தாவிடம் கேட்டால் பாடியே காட்டுவார். மட்டக்களப்புக்குப் போனால் சுற்றியிருந்து பார்க்கிற வட்டக் களரியும் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகை ஆட்டங்களும் வேறு உலகம். மன்னாரில் வாசாப்பு என்ற கத்தோலிக்க நாடகம், முல்லைத்தீவில் கோவலன் கூத்து.

எங்களை இரண்டாம் வருடத்தில் ஒரு அண்ணாவியாரிடம், அதாவது கூத்துப் பழக்குகிற ஆசானிடம், கூட்டிப் போனார்கள். எழுபது வயதைத் தாண்டியவர், கடற்தொழில் செய்தவர். வீட்டு முற்றத்தில் பாய் விரித்து மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேரும் கொப்பியும் பேனையுமாகப் போனோம். "அதுகளை அங்கால வையுங்கோ" என்றார். ஒரு அரசன் களரிக்குள் வரும்போது பாடுகிற வரவுப் பாட்டை நாலு தரம் பாடினார். பிறகு எங்களைப் பாடச் சொன்னார். சொல் பிழைத்ததற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கால் பிழைத்தால் மட்டும் மத்தளத்தை உள்ளங்கையால் அமர்த்தி நிறுத்திவிடுவார். அந்தச் சத்தம் அடங்கியதும் முற்றமே அடங்கிப் போகும். "காலிலை ஏறாமல் கொப்பியிலை ஏறி என்ன பிரயோசனம் பிள்ளை?" என்றார் எனக்கு. அன்று மாலை வரை நான் அந்த ஒரு வரவைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்சில் நின்றபடி குதிக்காலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன். எப்போது சரியாக விழத் தொடங்கியது என்று எனக்கே தெரியாது.

அங்கே நாங்கள் கண்டது பாட்டும் ஆட்டமும் மட்டும் இல்லை. ஒரு கூத்து எப்படித் தயாராகிறது என்ற முழு ஒழுங்கும் கண்ணுக்கு முன்னால் நடந்தது. சட்டம் கொடுக்கிற நாள் என்று ஒன்று இருக்கிறது. அன்று நல்ல நேரம் பார்த்து ஒவ்வொருவருக்கும் அவரவர் பாகத்தைக் கொடுப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிகிற சடங்கு, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். யார் எந்தப் பாத்திரம் என்று தீர்மானிப்பது, வராதவரை என்ன செய்வது, செலவை ஊர் எப்படிப் பங்கிடுவது எல்லாவற்றுக்கும் முறை உண்டு. தயாரிப்பு முகாமை என்ற பாடத்தைப் பிறகு வகுப்பில் படித்தபோது எனக்கு அந்த முற்றம்தான் நினைவுக்கு வந்தது.

உலக நாடகக் கொள்கைகளும் உண்டு. கிரேக்க அரங்கு, பரதரின் நாட்டிய சாத்திரம், ரஷ்யாவின் ஸ்ரனிஸ்லவ்ஸ்கி, ஜெர்மனியின் பிரெக்ற், போலந்தின் குரோட்டோவ்ஸ்கி, பிரேசில் நாட்டு அகஸ்ரோ போல் என்று போகும். சோதினைக்காகப் பாடமாக்கினால் இவை வெறும் பெயர்களாகவே கிடக்கும். செய்து பார்த்தால் வேறு. கூத்தில் அரசன் களரிக்கு வந்ததும் தான் யார் என்று தானே பாடிச் சொல்லுவான். அண்ணாவியும் பிற்பாட்டுக்காரரும் பக்கத்திலேயே நிற்பார்கள். பார்ப்பவர்கள் இது நாடகம் என்பதை ஒரு நிமிடமும் மறக்க மாட்டார்கள். இதைக் கண்டுவிட்டு பிரெக்ற்றை வாசித்தால், மனம் கரைந்து போகாமல் யோசித்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று அவர் ஏன் கேட்கிறார் என்பது சட்டென்று விளங்கும். அகஸ்ரோ போல் என்பவர் பார்வையாளரையே எழுப்பி மேடைக்கு வரச் சொல்லுகிறவர். "நீர் இந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர், செய்து காட்டும்" என்பார். அந்த முறையை நான் பாடசாலையில் பிள்ளைகளோடு இன்றும் செய்கிறேன். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: இந்தப் பகுதிக்கு ஆங்கில வாசிப்பு வேண்டும். தமிழில் நல்ல நூல்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றோடு நின்றால் மூன்றாம் வருடத்தில் மூச்சு முட்டும். பெறுபேறு வரும்வரை இருக்கிற மாதங்களில் ஆங்கிலத்தைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளும்.

அடுத்தது தயாரிப்பின் மறுபக்கம், என்னுடைய பக்கம்: ஒளி. இதைப் பெண்பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள் என்று ஒரு எண்ணம் இருந்தது. ஏணியில் ஏற வேண்டும், வயர் இழுக்க வேண்டும் என்பதால்தான். நான் எடுத்ததற்குக் காரணம் சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையில் மாதவி ஆடுகிற அரங்குக்கு அளவு சொல்லியிருக்கிறது: 24 விரல் கொண்டது ஒரு கோல், அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மூன்று வகைத் திரை. எல்லாவற்றுக்கும் மேலாக, தூணின் நிழல் அரங்கில் விழாமல் வெளியே போகும்படி விளக்கை வைக்க வேண்டும் என்று இருக்கிறது. வகுப்பில் அந்த வரியை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இன்றும் நான் ஒரு மண்டபத்துக்குள் போனால் முதல் செய்கிற வேலை அதுதான். விளக்கைக் கொளுத்திவிட்டு எது எங்கே நிழல் விழுத்துகிறது என்று பார்ப்பேன்.

நான் படித்த காலத்தில் 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடப்பட்டது. விளக்குக்கு முன்னால் போடுகிற நிறத்தாள் கொழும்பிலிருந்து வர வேண்டும், வரவில்லை. பரிசுப் பொதி சுற்றுகிற கண்ணாடித்தாளை வாங்கி ஒட்டினோம். அது பத்து நிமிடத்தில் சூட்டுக்குச் சுருண்டு உருகி மணக்கத் தொடங்கியது. பிறகு கம்பியால் சட்டம் வளைத்து, விளக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஊரடங்கு வர முன் எல்லாரும் வீடு சேர வேண்டும் என்பதால் ஒத்திகை பின்னேரத்தோடு முடிந்துவிடும். அதற்கு முந்தியவர்கள் 1990களில் மின்சாரமே இல்லாமல் பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் நாடகம் போட்டவர்கள். அவர்களிடம் கேட்டுப் பழகியதுதான், ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு முகத்தை எப்படிக் காட்டுவது என்பது.

இன்னொரு சம்பவம். இது முழுக்க என்னுடைய பிழை. படித்து முடித்த புதிதில் ஒரு கிராமத்துப் பாடசாலையில் பிள்ளைகளின் நாடகத்துக்கு ஒளியமைத்தேன். 1000 வாற்று விளக்குகள் எட்டு. ஒத்திகையில் நாலுக்கு மேல் ஒரே நேரத்தில் கொளுத்தவில்லை. ஆற்றுகை அன்று கடைசிக் காட்சிக்கு எட்டையும் ஏற்றினேன். மண்டபமே இருண்டது. கணக்கு எளிது: 230 வோல்ற்றில் ஒரு விளக்கு நாலு அம்பியருக்கு மேல் இழுக்கும், எட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 35. அந்த மண்டபத்துக்கு வந்தது 30 அம்பியர் இணைப்பு, அதிலேயே மின்விசிறியும் ஒலிபெருக்கியும். ட்ரிப் சுவிச் விழாமல் என்ன செய்யும்? இருட்டில் பிள்ளைகள் பாட்டை நிறுத்தவில்லை. அடியெடுத்த பிள்ளையின் குரல் மட்டும் ஒரு தரம் நடுங்கி, பிறகு நிமிர்ந்தது. நான் தடவித் தடவிச் சுவிச்சைத் தேடிப் போன மூன்று நிமிடமும் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து மண்டபத்துக்குப் போனால் மின்பலகையைத் திறந்து பார்க்காமல் ஒரு விளக்கும் தூக்க மாட்டேன். இப்போது எல்ஈடி விளக்குகள் வந்துவிட்டன, மின்சாரம் கொஞ்சமாகத்தான் இழுக்கும். ஆனாலும் கணக்குப் போடுகிற பழக்கத்தை விடாதேயும்.

மேடை முகாமையாளர் என்ற வேலையையும் ஒரு தயாரிப்பிலாவது கேட்டு எடும். எழுத்துருவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே வெறும் பக்கம் வைத்துக் கட்டிய புத்தகம் ஒன்று அவரிடம் இருக்கும். எந்தச் சொல்லுக்கு விளக்கு மாற வேண்டும், எந்த அடிக்கு மத்தளம் தொடங்க வேண்டும், யார் எந்தப் பக்கத்தால் வருகிறார், கையில் என்ன கொண்டு வருகிறார் என்று பென்சிலால் எழுதியிருக்கும். ஏன் பென்சில்? ஒவ்வொரு நாளும் மாறும். நெறியாளர் ஆற்றுகை அன்று சபையில் போய் இருந்துவிடுவார். அதற்குப் பிறகு நாடகம் அந்தப் புத்தகத்தை வைத்திருப்பவரின் கையில்.

படிக்கும் இடங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உமக்கு முதல் தெரிவாக இருக்கட்டும். கைலாசபதி கலையரங்கு போன்ற மேடை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, கூத்தூர்கள் பக்கத்தில், வீட்டுச் சாப்பாடு. மட்டக்களப்பில் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கூத்தில் ஆட்டம்தான் உம்மை இழுக்கிறது என்றால், இரண்டையும் ஒரே தட்டில் வைத்து யோசியும். வீட்டைவிட்டு வேறு ஊரில் நாலு வருடம் இருப்பதும் ஒரு நடிகைக்குப் படிப்புத்தான். கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் பெரும்பாலும் சிங்களச் சூழல். இந்தியாவில் டெல்லியில் 1959 இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி மூன்று வருடப் பயிற்சி தருகிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. இலங்கை மாணவர்களுக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில்களும் உண்டு. என்னைக் கேட்டால், முதல் பட்டத்தை இங்கே முடித்துவிட்டுப் பிறகு இந்தியாவுக்குப் போம். கூத்தைக் காலில் ஏற்றிக்கொண்டு போனால் அங்கே உம்மிடம் கேட்டுப் பழக ஆட்கள் வருவார்கள். வெறுங்கையோடு போனால் அங்கே உள்ளதை மட்டும்தான் எடுத்துக்கொண்டு வரலாம்.

அனுமதி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலை வரிக்கு வரி வாசியும். போன வருடம் படித்த அக்கா சொன்னதை நம்பாதேயும், ஏனென்றால் பாடநெறிகளின் பெயரும் பீடமும் மாறுகின்றன. அழகியல் சார்ந்த சில பாடநெறிகளுக்கு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற இஸட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் திகதியைத் தவறவிட்டு ஒரு வருடம் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வேலை. அம்மாவுக்கு இதுதான் பெரிய கவலை, அது நியாயமான கவலை. பட்டம் வாங்கிய கையோடு நியமனக் கடிதம் வரும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். கலைப் பட்டதாரிகள் எல்லாரும் காத்திருக்கிறார்கள், நாடகப் பட்டதாரியும் காத்திருக்க வேண்டி வரும். ஆனால் நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாக இருப்பதால் ஆசிரியர் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. பாடசாலைக்கு வெளியே சிறுவர் அரங்கு, யுத்தத்தாலும் 2004 சுனாமியாலும் பாதிக்கப்பட்டவர்களோடு செய்த உளசமூக அரங்க வேலை, வானொலி, தொலைக்காட்சி, குறும்படங்கள் என்று என்னோடு படித்தவர்கள் பரந்து போனார்கள். ஒருத்தி கலியாண மண்டபங்களுக்கு மேடை அலங்கரிக்கிறாள். அதைக் குறைவாக நினைக்காதேயும். காட்சி விதானிப்பில் படித்த அளவும் நிறமும்தான் அவளுக்குச் சோறு போடுகிறது, மிச்சக் காசில் வருடம் ஒரு நாடகம் போடுகிறாள். நாடகம் நடித்து மட்டும் யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்துகிறவரை நான் காணவில்லை. இதை இப்போதே தெரிந்துகொண்டு வாரும்.

பெண்பிள்ளை என்பதால் இன்னும் ஒன்று. ஒத்திகை பிந்தும். ஆற்றுகை இரவில். ஊர் கதைக்கும். எங்களுடைய காலத்தில் நாங்கள் செய்தது இது: ஒத்திகை அட்டவணையை மாதத் தொடக்கத்திலேயே வீட்டில் கொடுத்துவிடுவோம், முடிகிற நேரம் எழுதி. முடிந்ததும் ஒரே வழியால் போகிறவர்கள் சேர்ந்து போவோம். அட்டவணை போடாமல் "முடியேக்குள்ளை முடியும்" என்று நடத்துகிற நெறியாளரிடம் நேரம் கேட்க உமக்கு உரிமை உண்டு. நேரம் மதிக்காத ஒத்திகை நல்ல ஒத்திகையும் அல்ல. பாடத்தை விட்டு விலகிப் போன திறமான பிள்ளைகளில் பலர் நடிப்பு வராமல் போனவர்கள் இல்லை. இந்த இழுபறியில் வீட்டோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போனவர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பெறுபேறு வரும்வரை என்ன செய்யலாம் என்று கேட்டீர். பெரிதாக ஒன்றும் வேண்டாம். கோயிலில் காத்தவராயன் கூத்து நடந்தால் போம், ஆனால் முன்வரிசையில் இருக்காமல் மத்தளக்காரருக்குப் பக்கத்தில் இடம் கேட்டு இரும். தவக்காலத்தில் திருமறைக் கலாமன்றம் போடுகிற திருப்பாடுகளின் நாடகத்தைப் பாரும். மரியசேவியர் அடிகளார் 1965 இல் தொடங்கிய மன்றம் அது. பெருங்கூட்டம் நடிக்கிற மேடையில் ஆட்கள் எப்படி ஒருவரோடு ஒருவர் முட்டுப்படாமல் உள்ளே போய் வெளியே வருகிறார்கள் என்பதை மட்டும் கவனியும். வீட்டில் ஒரு கொப்பி எடுத்து, உம்முடைய பரிசு வாங்கிய நாடகத்தை நினைவிலிருந்து எழுதும். வசனத்தை விட்டுவிடும். யார் எங்கே நின்றார், விளக்கு எங்கே இருந்தது, யார் திரை இழுத்தார், யார் தண்ணீர் கொண்டுவந்து தந்தார் என்று எழுதும். எழுத வராத பக்கங்கள்தான் உமக்குப் படிக்க இருக்கிற பக்கங்கள்.

அம்மாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாரும். ஆற்றுகைக்கு வேண்டாம், அன்று எல்லாமே வடிவாகத்தான் இருக்கும். நாங்கள் ஒத்திகை பார்க்கிற ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் வாரும். ஒரே காட்சியைப் பிள்ளைகள் ஒன்பதாம் தரமாகத் திரும்பச் செய்வதையும், ஒரு பொடியன் நிலத்தில் இருந்து தேர்ச் சில்லுக்கு மட்டை வெட்டுவதையும், கொப்பி வைத்திருக்கிற பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்து "ஆறு மணி, முடிப்பம்" என்று சொல்வதையும் அம்மா இருந்து பார்க்கட்டும். தேத்தண்ணி நான் ஊற்றித் தருவேன்.